மாணிக்கவேலின் கண்ணளவு

ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற எந்தப் பட்டறைக்குப் போனாலும் மூலையில் ஒரு தராசு இருக்கும். மாணிக்கவேல் பட்டறையில் மட்டும் இருக்காது. ஒன்று வாங்கிப் போடக் கூடாதா என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு, அன்றைக்குப் பூராவும் அந்த ஆளோடு பேச மாட்டார். தராசு என்பது கண் தெரியாதவனுக்குக் கொடுக்கிற ஊன்றுகோல் என்பது அவர் எண்ணம்.

அந்த மனுஷருக்குக் கண் இருந்தது என்னவோ உண்மை. கல்யாணப் புடவைக்கு நூல் போட வருகிறவர்கள் ஒரு ரவிக்கைத் துண்டை நீட்டி இதே நிறம் வேண்டும் என்பார்கள். வாசல் வெளிச்சத்தில் ஒரு தடவை பார்ப்பார். உள்ளே போய்ச் சாயத்தூளை இரண்டு விரலால் கிள்ளிக் கொதிக்கிற தொட்டியில் போட்டு, நூல் கழியை முக்கி எடுப்பார். நிறம் வெளிறித்தான் இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். கூடிப் போனால் எடுக்க முடியாது, குறைந்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. இன்னொரு சிட்டிகை, இன்னொரு முக்கு, மறுபடி ஒரு சிட்டிகை. கடைசியில் நூலையும் ரவிக்கைத் துண்டையும் பக்கத்தில் வைத்தால் எது எதுவென்று கொண்டுவந்தவருக்கே குழம்பிப்போகும். சாயத்தைப் பொறுத்தமட்டில் அவரைக் குறை சொல்ல ஆள் கிடையாது.

வம்பு எங்கே வந்தது என்றால், அதே கண்ணளவை அவர் கோழிக்கும் கொண்டுபோனதில் வந்தது.

அவர் மனைவி பூங்காவனத்துக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த நிலம் பெரணமல்லூர் ரோட்டில் சும்மா கிடந்தது. அதில் ஒரு கொட்டகை போட்டு பிராய்லர் கோழி வளர்த்து ஆரணிக் கடைகளுக்கு விற்க ஆரம்பித்தார். வீட்டோடு எல்லாரும் உழைத்தார்கள். மகள் சுகன்யா ஒரு புடவைக் கடையில் வேலை பார்த்தாள். செல்போன் முன்னால் நின்று புடவையை விரித்து விரித்துக் காட்டி வெளியூர்க்காரர்களுக்கு விற்கிற வேலை. அதற்குப் போகுமுன் விடியற்காலையில் கோழிகளின் தண்ணீர்க் குவளைகளைக் கழுவி நிரப்புவது அவள் பொறுப்பு.

முதல் பனிக்காலத்தில் கொட்டகைக்குள் கொரகொரவென்று சத்தம் கிளம்பியது. கோழிக்குச் சளி. கால்நடை மருந்துக் கடைக்காரர் ஒரு மஞ்சள் பவுடரை எடுத்துக் கொடுத்தார். எத்தனை லிட்டர் தண்ணீருக்கு எவ்வளவு, எத்தனை நாள் விடாமல் கொடுக்க வேண்டும், கொடுத்து முடித்த பிறகு கோழியை விற்க எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார். கோழி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள் என்றும் சொன்னார். அளவு பார்க்கப் பாக்கெட்டுக்குள்ளேயே ஒரு கரண்டி இருக்கிறது என்று வேறு சொல்லிவிட்டார். மாணிக்கவேலிடம் போய்க் கரண்டி. வீட்டுக்கு வந்ததும் அந்தக் கரண்டி பூங்காவனத்தின் காப்பித்தூள் டப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

டிரம் தண்ணீரில் பவுடரைத் தூவிவிட்டு மாணிக்கவேல் நிறம் பார்த்தார். எலுமிச்சம்பழத் தோல் அளவுக்கு வந்தால் போதும் என்று அவர் கண் சொன்னது. கண்ணை யார் கேட்டார்கள்? மறுநாளே சத்தம் குறைந்தது. சத்தம் நின்றால் மருந்தை நிறுத்த வேண்டியதுதானே, நிறம் வந்த பிறகும் தொட்டியில் யாராவது சாயம் கொட்டுவார்களா? நிறுத்திவிட்டார். சில நாள் கழித்து மறுபடி கொரகொர. மறுபடி ஒரு சிட்டிகை. அப்புறம் வரும் முன்னே காப்போம் என்று தினமுமே ஒரு கிள்ளு, காவலுக்கு. ஒரு பேட்ச் கோழி போய் அடுத்த பேட்ச் வர வர, பழைய நிறத்துக்குச் சளி அடங்கவில்லை. எலுமிச்சை மாம்பழமாயிற்று, மாம்பழம் பறங்கிப்பழமாயிற்று. ஏன் இப்படிக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது என்று அவர் ஒரு நாளும் யோசிக்கவில்லை. அதுமட்டுமா, தனக்கு ஜலதோஷம் வந்தாலும் வெந்நீரில் அதே பவுடரில் ஒரு சிட்டிகை போட்டுக் குடித்துவிட்டுத் துண்டால் வாயைத் துடைத்துக்கொள்வார். கோழிக்குக் கேட்கிற மருந்து எனக்குக் கேட்காதா என்பார். என்ன சொல்லித் திருத்துவது இந்த ஆளை.

இந்த நிலையில்தான் சுகன்யாவுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை தமிழ்வாணன், கலசப்பாக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கிற அமைதியான பையன். அப்பா இல்லை, அம்மா விருத்தாம்பாள்தான் எல்லாம். ஆவணியில் முகூர்த்தம் குறித்தார்கள். குறித்த வாரமே மாணிக்கவேலுக்கு ஒரு கட்டி வந்தது. வந்ததுதான் வந்தது, கையில் காலில் வரக் கூடாதா? உட்காருகிற இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

முதலில் அதைச் சூட்டுக் கட்டி என்றார். பிறகு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி, ஒன்று போட்டுப் பார்த்து, வலி குறைந்தால் நிறுத்தி, கூடினால் இன்னொன்று போட்டு, அங்கேயும் தன் கைவரிசையைக் காட்டினார். கட்டி எலுமிச்சை அளவில் இருந்தது நெல்லிக்காய் ஆகும், நான்கு நாள் கழித்துப் பழையபடி எலுமிச்சை ஆகும். வெட்கமோ வெட்கம். வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லவில்லை. சம்பந்தி வீட்டில் முதுகுவலி என்று சொல்லி வைத்தார்.

அதனால் அவருக்கு ஊரில் திடீரென்று ஒரு நல்ல பெயர் கிளம்பியதுதான் வேடிக்கை. பத்திரிகை வைக்கப் போன வீடுகளில் நாற்காலி போட்டாலும் உட்கார மாட்டார். கைகட்டி நின்றபடியே அழைப்பார். பஸ்ஸில் பாதி சீட் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வருவார். மொபெட்டை ஏறக்குறைய நின்றபடியே ஓட்டினார். பெண்ணைப் பெற்றவன் என்றால் இப்படி அல்லவா பணிவு வேண்டும் என்று ஊர் பேசிக்கொண்டது. கலசப்பாக்கத்தில் விருத்தாம்பாள் தன் சொந்தக்காரர்களிடமெல்லாம், முதுகுவலின்னு சாக்கு சொல்லிக்கினு எங்க சம்பந்தி எங்க எதிர்க்க உட்காரவே மாட்டேங்கறாரு என்று சொல்லிச் சொல்லி உருகிப்போனாள்.

உருகாத ஆள் ஒருவர் இருந்தார். பூங்காவனத்தின் அண்ணன் தணிகாசலம். அரிசி மண்டிக்காரர். எந்த விசேஷத்திலும் போட்டோவில் நடுவில் நிற்கிறவர். மாணிக்கவேல் வீடு கட்டிக் குடிபோனபோது அவருக்கு முன்னால் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போன புண்ணியவான். தாய்மாமன் என்ற முறையில் சுகன்யாவுக்குச் செய்ய வேண்டிய சீர் எல்லாம் அவர் கையில்தான் இருந்தது. அது போதாது என்று அப்பன் வேலையின் மேலும் ஒரு கண். தங்கை வாய் தவறிச் சொன்னதில் கட்டி விவரம் தெரிந்துபோக, நேரே வந்துவிட்டார்.

"தாரை வாக்கறப்ப மணையில ஒரு மணி நேரம் உக்காரணும் மாப்ளே. நீ நெளிஞ்சிகினு கெடந்தா சபையில நல்லாவா இருக்கும்? நானும் எம் பொஞ்சாதியும் உக்காந்து பொண்ணக் குடுத்துர்றோம். நீ பந்தியப் பாத்துக்கோ."

மாணிக்கவேலுக்கு உடம்பு முழுக்க எரிந்தது, கட்டி உட்பட. பெற்றவன் சாம்பார் வாளியோடு நிற்க, இவர் பட்டு வேட்டி கட்டி மணையில் உட்கார்ந்து பெண்ணைக் கொடுப்பாராம். ஒற்றை மகள். அவளைத் தன் கையால் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று அவள் பிறந்த நாளிலிருந்து நினைத்திருந்தவர் அவர். பூங்காவனத்துக்கும் ஆத்திரம்தான், அவர் உட்காராவிட்டால் அவளும்தானே எழுந்திருக்க வேண்டும். அண்ணனை அனுப்பிவிட்டு வந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நாளைக்குக் காலையில் டாக்டரிடம் போகிறோம், வராவிட்டால் நானே கலசப்பாக்கத்துக்கு போன் போட்டு எங்கே கட்டி என்று சொல்லிவிடுவேன் என்றாள். வந்தார்.

டாக்டர் ஜாய்ஸ் கட்டிகளை அறுப்பதில் பெயர் பெற்றவர். பெண் டாக்டர் என்று தெரிந்ததும் மாணிக்கவேல் வாசலிலேயே திரும்பப் பார்த்தார். பூங்காவனம் சட்டையைப் பிடித்து உள்ளே தள்ளினாள். குப்புறப் படுத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, என்ன தொழில், வேறு என்ன செய்கிறீர்கள் என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னார். கோழி என்றதும் டாக்டர் கொஞ்சம் நிதானித்தார். கோழிக்கு மருந்து கொடுப்பீர்களா என்று கேட்டார். மாணிக்கவேல் தன் நிலைமையை மறந்து, கரண்டி இல்லாமல் கண்ணாலேயே பவுடர் கலக்கும் வித்தையை விளக்கமாகச் சொன்னார். டாக்டர் கட்டியைக் கீறிச் சீழை எடுத்துவிட்டு, கொஞ்சத்தைச் சோதனைக்கு அனுப்பினார்.

முடிவு வந்த அன்று டாக்டர் தன் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். வட்டத் தட்டு ஒன்று; அதில் கிருமி பால் ஆடைபோலப் படர்ந்திருக்க, நடுவே சின்னச் சின்னப் பொட்டுகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொரு பொட்டும் ஒரு மருந்து. வேலை செய்கிற மருந்தைச் சுற்றிக் கிருமி செத்து ஒரு வட்டம் காலியாகத் தெரியும் என்றார். மாணிக்கவேல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். நிறத்தில் மயிரிழை வித்தியாசம் கண்டுபிடிக்கிற கண் அது. எவ்வளவு தேடியும் இரண்டு பொட்டைச் சுற்றித்தான் வட்டம் இருந்தது. மற்றவையெல்லாம் கிருமிக்கு நடுவில் அனாதையாகக் கிடந்தன. மஞ்சள் பவுடரும் அந்த அனாதைகளில் ஒன்று.

"நீங்க போடற சாயம் தண்ணி பட்டா வெளுக்குமா?" என்று கேட்டார் டாக்டர்.

"என் சாயமா? பொடவ கிழிஞ்சாலும் வெளுக்காதுங்க."

"கிருமியையும் அப்டி ஆக்கி வச்சிருக்கீங்க. கொஞ்சம் கொஞ்சமா குடுத்து, பாதியில நிறுத்தி, சாகற கிருமி செத்துப் போயி சாகாத கிருமியா பாத்து மிச்சம் பண்ணிட்டீங்க. இனிமே அதுங்கதான் குட்டி போடும்."

இந்தக் கிருமி கோழியிடமிருந்துதான் வந்தது என்று சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது, ஆனால் சந்தேகம் அங்கேதான் என்றார். கையில், தூசியில், குவளை கழுவுகிற தண்ணீரில் அது ஊருக்குள் வரும்; கோழி எருவோடு வயலுக்கும் போகும். நாளைக்கு யாருக்கோ பெரிய வியாதி வந்து இந்த மருந்துகள் தேவைப்படும்போது ஒன்றும் கேட்காமல் போகும் என்றார். பிறகு மூன்று காரியம் சொன்னார். தான் எழுதித் தருகிற மருந்தை ஒரு வேளை விடாமல் முடிக்க வேண்டும். கொட்டகையில் காவல் பவுடரை இன்றோடு நிறுத்திவிட்டு, கோழி டாக்டரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். வீட்டில் இருக்கிற எல்லாரும் உடனே வந்து ஒரு முறை உடம்பைக் காட்டிவிட்டுப் போக வேண்டும்.

முதல் இரண்டையும் மாணிக்கவேல் தட்டாமல் செய்தார். கீறியபோது பட்ட வலி அப்படி. மூன்றாவதுதான் இடித்தது. குடும்பத்தோடு போய் டாக்டர் வாசலில் உட்கார்ந்தால் யாராவது பார்ப்பார்கள், பார்த்தால் கலசப்பாக்கத்துக்குப் போகும், எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி பிடித்த வீடு என்று பேச்சு வரும். வீட்டுக்கு வந்து மனைவியையும் மகளையும் உட்காரவைத்து, கல்யாணம் முடிகிற வரைக்கும் இதைப் பற்றி யாரும் மூச்சு விடக் கூடாது, எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். சுகன்யா தலையை ஆட்டினாள்.

புண் ஆற ஆற, வீட்டில் உட்காரும் ஒத்திகை நடந்தது. முதலில் தலையணை மேல். பிறகு மடித்த ஜமக்காளத்தின் மேல். பிறகு வெறும் மணையில். பூங்காவனம் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைப் பார்ப்பாள்; முகம் கோணினால் தோல்வி. ஒரு நாள் தணிகாசலமும் பார்வையிட வந்தார். அவர் எதிரில் மாணிக்கவேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெற்றிலை போட்டு, ஊர்க்கதை பேசி, வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தார். தணிகாசலம் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

கல்யாண நாள் வந்தது. மண்டபம் நிறைந்த கூட்டம். மணையில் மாணிக்கவேலும் பூங்காவனமும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்கள். எதிரே மாப்பிள்ளையும் பெண்ணும். தணிகாசலம் பின்னால் நின்றுகொண்டு போட்டோக்காரரின் கண்ணில் படப் பார்த்துக்கொண்டிருந்தார். மாணிக்கவேலுக்கு வலி துளி இல்லை. இந்தப் பூமியில் தன்னைவிட வசதியாக யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தோன்றியது. பெண்ணின் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வையுங்கள் என்றார் ஐயர். பூங்காவனம் தண்ணீர்ச் செம்பைத் தூக்கினாள்.

மாணிக்கவேல் மகளின் கையைப் பிடித்தார். வளையல்களுக்குக் கீழே, மணிக்கட்டின் உட்புறம், அவர் விரலுக்கு ஏதோ சுட்டது. மருதாணிச் சிவப்புக்குள் ஒளிந்திருந்த இன்னொரு சிவப்பு. கூட்டத்தில் வேறு யார் கண்ணுக்கும் அது தெரிந்திருக்காது. அவருக்குத் தெரிந்தது. சின்னதாக, உருண்டையாக, கெட்டியாக இருந்தது. சுகன்யா கையை மெல்ல இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"எப்பலருந்தும்மா?" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"நாலஞ்சு நாளா கீதுப்பா. கல்யாணம் முடியட்டும்னு நீங்கதானே சொன்னீங்க."

விடியற்காலையில் இந்தக் கைதான் அந்தக் குவளைகளை ஒவ்வொன்றாகக் கழுவியது. நிறம் பார்த்தது அவர்; அந்தத் தண்ணீரில் கையை விட்டது இவள். இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் தாலி ஏறிவிடும். சாயங்காலம் அவள் கலசப்பாக்கம் போய்விடுவாள். அங்கே ஒரு துண்டு, ஒரு தலையணை, ஒரு மாமியார். நாளைக்கு ஒரு குழந்தை. வாயைத் திறந்தாலோ சபை முழுக்க இருக்கிறது, பின்னால் மச்சான் இருக்கிறார், கல்யாணமே நின்றாலும் நிற்கும். அவருக்குப் பயமாக இருந்தது. வாழ்க்கையில் அப்படி ஒரு பயம் அவருக்கு வந்ததில்லை. இருந்தும் பூங்காவனத்தின் செம்பைக் கையால் தடுத்தார். மேளக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். மேளம் நின்றது.

"சம்பந்தியம்மா, எனக்கு முதுகுவலின்னு சொன்னது பொய்ங்க. கட்டி. கோழிக்கு மருந்த என் இஷ்டத்துக்குக் குடுத்து, எதுக்கும் அடங்காத கிருமிய நானே வளத்துட்டேன். எனக்கு வந்துது. டாக்டரம்மா எல்லாரையும் கூட்டினு வரச் சொன்னாங்க, நான் மறச்சிட்டேன். இப்ப எம் பொண்ணு கையிலயும் கீது. பொண்ணத் தரேங்க. இதையும் சேத்துத் தர எனக்கு மனசு வரல."

விருத்தாம்பாள் வாயில் வெற்றிலையோடு அப்படியே இருந்தாள். தணிகாசலம் என்ற மனிதர் பேச்சில்லாமல் நின்றதை ஆரணி அன்றுதான் பார்த்தது. தமிழ்வாணன் மட்டும் குனிந்து சுகன்யாவின் மணிக்கட்டைப் பார்த்தான். வலிக்கிறதா என்று கேட்டான். அவள் ஆமாம் என்று தலையசைத்ததும் நிமிர்ந்தான்.

"தாலி கட்டிட்டு டாக்டர்கிட்ட போலாமா மாமா? இல்ல போயிட்டு வந்து கட்டட்டுமா?"

விருத்தாம்பாளுக்கு அப்போதுதான் குரல் வந்தது. நல்ல நேரம் இருக்கும்போதே கட்டித் தொலையடா, பிறகு ஜல்தியாகக் கிளம்பலாம், நானும் வருகிறேன் என்றாள்.

அப்படியே நடந்தது. மாலையும் கழுத்துமாக அவர்கள் போய் நின்றதைப் பார்த்து டாக்டர் ஜாய்ஸ் முதலில் திகைத்தார், பிறகு மாணிக்கவேலை ஒரு முறை முறைத்தார், பிறகு வேலையைப் பார்த்தார். சீக்கிரம் வந்ததால் கீறலும் சின்னதாக முடிந்தது. வட்டம் காட்டிய அந்த இரண்டில் ஒரு மருந்து கேட்டது. பூங்காவனத்தையும் அன்றே பார்த்து அனுப்பினார். கோழி இன்றும் இருக்கிறது. கோழி டாக்டர் எழுதித் தந்தால்தான் மருந்து, அதுவும் தராசில் நிறுத்துப் போட்ட மருந்து.

ஆனால் அதெல்லாம் பிற்பாடு. மேளம் மறுபடி தொடங்கி, பூங்காவனம் அழுதுகொண்டே செம்பைச் சரித்தபோது, தண்ணீர் மூன்று கைகளின் மேலும் விழுந்து மணையெல்லாம் நனைந்தது. பெண்ணைக் கொடுத்தாயிற்று, கையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் ஐயர். மாணிக்கவேல் எடுக்கவில்லை. சுடுகிற அந்த இடத்தின் மேல் படாமல், மகளின் கையைச் சுற்றி விரல்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐயர் இரண்டாம் தடவை சொல்லியும் எடுக்கவில்லை. கடைசியில் சுகன்யாதான் அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட வேண்டியிருந்தது.